விசில் அக்கா வீடு கட்டிய கதை

பேருந்து நிலையத்தில் அவளுக்கு விசில் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். டைம் கீப்பர் வேலை. நிலையத்தின் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, அதில் ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி, கழுத்தில் விசில். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவள் வாயில் இருந்தது. டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டே வாய்தான் அக்கா" என்று கெஞ்சும் ஓட்டுநரிடம், "ரெண்டு வாய் எதுக்கு? உனக்கு இருக்குற ஒரு வாயே ஊருக்குப் போதும், வண்டிய எடு" என்பாள். வண்டி நகரும். அவளுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வரும்.

இப்படிப்பட்டவள் ஒரு வீடு கட்ட மூன்று வருஷம் காத்திருந்தாள் என்றால் நிலையத்தில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

அவளுடைய கணவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். நல்ல கை. நோயாளிகளுக்குச் சமைத்தே பெயர் வாங்கியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பக்கத்திலேயே இறக்கி வைத்திருந்த பெரிய பாத்திரத்தில் கால் இடித்து அத்தனையும் தரையில் கொட்டிவிட்டது. நல்ல வேளை, ஆறிப்போன தண்ணீர். பார்த்தவர்கள் கவனக்குறைவு என்றார்கள். அவருக்குத்தான் தெரியும், பாத்திரம் அங்கே இருந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை என்று. கண் டாக்டர் விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டு, ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, மெல்ல மெல்ல நடுவை நோக்கிச் சுருங்கும், நிறுத்த மருந்து இல்லை என்றார்.

"முழுசா எப்ப போகும் டாக்டர்?" என்று கேட்டவள் விசில் அக்கா.

"தேதி சொல்ல முடியாதும்மா. ரெண்டு வருஷமா இருக்கலாம், கூடவும் ஆகலாம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் எழுதாத ஒரு வண்டி அவள் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அவள் ஒன்று தீர்மானித்தாள். எப்போதோ வாங்கிப் போட்ட துண்டு நிலம் புல் முளைத்துக் கிடந்தது. அதில் வீடு கட்ட வேண்டும். ஆயுசு முழுக்க அடுத்தவன் அடுப்பில் நின்ற மனிதர், தன் சொந்த அடுப்படியைத் தன் கண்ணால் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேண்டியது.

அவசரமும் இருந்தது. வாடகைக்கு இருந்தது மாடி வீடு. படிக்கட்டு ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாது, அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாக மூச்சுக்கு இடமில்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் இருவர்தான். இவள் வேலைக்குப் போன நேரத்தில் அவர் அந்தப் படியில் இறங்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பு விசில் ஊதும்போதுகூட அவளை விடவில்லை.

வீட்டுக்கு வரைபடம் போட ஒரு ஆர்க்கிடெக்ட் பெண்ணைப் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்ன, அவள் தினமும் நிலையத்துக்கு வருகிறவள்தான். வருவாள், ஓடி வருவாள், வண்டி போயிருக்கும். தவறவிட்டுத் தவறவிட்டே விசில் அக்காவுக்குப் பழக்கமானவள். வண்டியைப் பிடிக்கத் தெரியாதவளிடம் வீட்டைக் கொடுத்தால் விளங்கினாற்போலத்தான் என்று இவள் தயங்கினாள். கணவருக்கு என்னவோ அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. "மத்தவங்க எல்லாம் எத்தனை ரூம் வேணும்னு கேட்டாங்க. இந்தப் பொண்ணு, நீங்க உப்பு டப்பாவ எந்தக் கையால எடுப்பீங்கன்னு கேக்குது" என்றார்.

"எவ்வளவு நாளாகும்மா?" என்றாள் விசில் அக்கா. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"வரையறதுக்கு ஆறேழு மாசம் ஆகும்க்கா. அனுமதி வாங்க ரெண்டு மூணு மாசம். கட்ட ஆரம்பிச்சா ஒரு வருஷத்துக்கு மேல. நடுவுல மழை வந்தா மழையோட இஷ்டம்."

"வெறும் பேப்பர்ல கோடு போடவா ஆறு மாசம்?"

"கோடு போட ஒரு வாரம் போதும். அழிக்கத்தான் மிச்ச நாள்."

அன்றிலிருந்து அவளுக்கு அழிரப்பர் என்று பெயர் விழுந்தது. நேரில் 'அம்மா', முதுகுக்குப் பின்னால் அழிரப்பர்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற நாத்தனார் இருந்தாள். கணவரின் அக்கா. அவள் வீடு பக்கத்து வீட்டுப் படத்தையே பார்த்துக் கட்டியது, எட்டே மாதத்தில் குடிபோய்விட்டாள். ஃபோன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி, "கடைக்கால் போட்டாச்சா?" என்பதுதான். இல்லை அண்ணி என்றால், "ஏண்டி, என் தம்பி கண்ணு இருக்கும்போதே ஏதாவது நடக்குமா?" என்பாள். வாய்தான் அப்படி, தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள். அதனால்தான் அந்தக் கேள்வி விசில் அக்காவுக்கு அவ்வளவு வலித்தது.

அழிரப்பர் செய்த வேலையைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். புல்லைச் செதுக்கிவிட்டு, நிலத்தின் மேல் சுண்ணாம்புப் பொடியால் வீட்டை முழு அளவில் வரைந்தாள். இது கூடம், இது படுக்கையறை, இது அடுப்படி, இங்கே வாசல். பழைய மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, இதுதான் அடுப்பு என்றாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து இதற்குள் வாழ வேண்டுமாம். அதுவும் கணவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டுமாம்.

தெருவில் போகிறவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். கூரையும் இல்லை, சுவரும் இல்லை, ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வெறும் மேசை மேல் கரண்டியால் கிளறுகிறார், ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். விசில் அக்கா வேலை முடிந்து வந்து நேராகக் கூடத்துக்குப் போனாள் என்றால் மூன்று சுவரைத் தாண்டித்தான் போவாள்.

"அக்கா, சுவத்து வழியா வர்றீங்க!"

"எல்லாம் தெரிஞ்சுதான் வர்றேன். சுவரு வந்த பிறகு வாசல்ல வர்றேன்."

கணவர் அப்படி இல்லை. கோட்டை மிதிக்கவே மாட்டார். வாசல் வழியாகப் போய், கையை நீட்டி இல்லாத கதவைத் திறந்து, இல்லாத அடுப்பைப் பற்றவைப்பார். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற வழிதான் அவர்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. மூலை வைத்தால் தோள் இடிக்கிறது, கையில் தட்டு இருந்தால் திரும்ப முடியவில்லை. அழிப்பாள், வரைவாள். கடைசியில் மூலையே இல்லாமல் அந்தச் சுவரை வளைவாகக் கொண்டுபோய், அதன் முடிவில் அகலமாக ஒரு வாசல் வைத்தாள். சுவரில் கையை வைத்துக்கொண்டு நடந்தால் கை தானே ஆளை அடுப்படியில் கொண்டுபோய் விட்டுவிடும். அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்து போய் வந்து, குழந்தை மாதிரி சிரித்தார். "இடிக்கவே இல்லடி" என்றார். இன்னும் கட்டாத சுவர், அதில் இடிக்கவில்லை என்று ஒரு சந்தோஷம். விசில் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒருவழியாக அனுமதி வந்தது, மேஸ்திரி வந்தார், கடைக்கால் எழுந்தது. மேஸ்திரி பொறுமைசாலி. கான்கிரீட் போட்ட இடத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும் என்றதும், "ஊத்துனா என்ன, சீக்கிரம் வளருமா?" என்று கேட்டாள் இவள். வேலைக்குப் போகும் முன் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை, செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். அதற்குள் கணவர் நடுப்பகலில் மட்டும்தான் தைரியமாகத் தெருவில் நடந்தார். வெளிச்சம் இறங்கினால் இவள் கையைத் தேடும் அவர் கை.

மேல்கூரை போடும் சமயத்தில் அழிரப்பர் பிரசவத்துக்குப் போய்விட்டாள். போகும்போதும், எது என்றாலும் ஃபோன் பண்ணுங்கள் என்று சொல்லித்தான் போனாள். அப்போது மேஸ்திரி ஒரு சங்கதியைச் சொன்னார். வளைவுச் சுவர் கட்டுகிற ஆள் வேறு வேலையில் மாட்டிக்கொண்டான், வர மாதக்கணக்கில் ஆகும். அந்த அகல வாசலுக்கு மர நிலையும் தனியாகச் செய்ய வேண்டும். "நேர் சுவரா எழுப்பிட்டு, கடையில விக்கிற நிலையையே வெச்சுட்டா வேலை நிக்காது அக்கா. மழைக்கு முன்னாடி பூச்சும் முடிச்சிடலாம்."

பேருந்து நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டி மிகவும் தாமதமாகிவிட்டால், அதைக் கடைசி நிறுத்தம் வரை விடாமல் பாதியிலேயே திருப்பிவிடுவார்கள். அட்டவணை பிழைத்துவிடும். கடைசி நிறுத்தத்தில் காத்து நிற்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. விசில் அக்கா தன் காலத்தில் எத்தனையோ வண்டியை அப்படித் திருப்பியிருக்கிறாள். இப்போதும் அவளுக்கு அதுதான் தோன்றியது. பிள்ளை பெற்றுக்கிடக்கிறவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று தனக்குத்தானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டாள்.

"சரி, நேராவே எழுப்புங்க" என்றாள். கணவரிடம் சொல்லவில்லை. சீக்கிரம் முடிந்தால் அவருக்குத்தானே நல்லது?

வீடு விறுவிறுவென்று எழுந்தது. கூரை போட்டார்கள், கீழே கொடுத்த முட்டுகளை எடுத்தார்கள். ஒரு சாயங்காலம், "வா, நம்ம வீட்டப் பாத்துட்டு வரலாம்" என்று கணவரே கிளம்பினார். உள்ளே வெளிச்சம் குறைவு. கூடத்தில் கால் வைத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட முகம். அவள் கையை விட்டுவிட்டார். "நீ நில்லு, நான் போறேன்" என்று சொல்லி, வேகமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த அதே வேகத்தில், அடுப்படியைப் பார்த்து நடந்தார்.

அவள் கத்துவதற்குள் இடித்துவிட்டார். புருவம் பிளந்து ரத்தம் வழிந்தது. இரண்டு கையாலும் சுவரைத் தடவினார். நிலையைத் தடவினார். மறுபடியும் சுவரைத் தடவினார்.

"மறந்துட்டேன் போல" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். "நல்லா ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன். கண்ணு போனாலும் இது இருக்கும்னு நெனச்சேன். இதுவும் போயிடுச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பாத்திரம் கொட்டியபோது அழவில்லை, டாக்டர் சொன்னபோது அழவில்லை. அட்டவணையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

முந்தானையால் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க மறக்கல. நீங்க சரியாத்தான் நடந்தீங்க. நான்தான் சுவர மாத்திட்டேன். சீக்கிரம் முடியட்டும், நீங்க பாத்துடணும்னு மாத்திட்டேன்."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்தால் நியாயமும்கூட. ஆனால் அவர் விட்ட மூச்சில் நிம்மதிதான் இருந்தது. "அப்ப எனக்கு மறக்கலயா?" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை கேட்டார்.

மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் போய் நின்றாள். "அந்தச் சுவர இடிச்சிடுங்க. வளைக்கிற ஆள் எப்ப வர்றாரோ அப்ப வரட்டும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இடிக்கிறது பெரிசில்ல அக்கா, பாரம் தாங்குற சுவரில்ல. ஆனா மழைக்கு முன்னாடி பூச்சு முடியாது. ஈரம் காயணும், தரை போடணும், எல்லாம் தள்ளிப்போகும். ஆறு மாசம், அதுக்கு மேலயும் ஆகும். அதுக்குள்ள அண்ணனுக்கு..." என்று நிறுத்திக்கொண்டார்.

"தெரியும். இடிங்க."

சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கு விசில் சத்தம் சரியாக வரவில்லை என்று ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். மதியம் அழிரப்பருக்கு ஃபோன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். திட்டுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, இடிக்கிறதுதான் இடிக்கிறீங்க. அந்த வாசல நான் இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கமாத் தள்ளி வெச்சிருக்கணும்னு ரொம்ப நாளா உறுத்திட்டே இருந்துச்சு. ஒரு தடவை அழிச்சுக்கட்டா?" என்றாள்.

விசில் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "அழிம்மா. நல்லா அழி."

வாசல் தள்ளிப்போனதால் கணவர் மறுபடியும் நடந்து பழகினார். இந்தத் தடவை செங்கல் வரிசையாக எழ எழ, பக்கத்திலேயே நின்று தொட்டுத் தொட்டு. தரை போடும்போது அடுப்படியில் சொரசொரப்பான கல், கூடத்தில் வழவழப்பு, எந்த அறை என்று பாதமே சொல்லிவிடும்படி போட்டார்கள். எல்லாவற்றுக்கும் நாள் ஆனது. விசில் அக்கா யாரையும் விரட்டவில்லை. பூச்சு காய்ந்துகொண்டிருந்த மாதத்தில் ஒரு காலை, அவர் எழுந்து உட்கார்ந்து, "விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் இல்ல, படுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வீடு முடிந்தது. குடிவந்த அன்று நாத்தனார் வந்து அறை அறையாகப் பார்த்தாள். வளைந்த சுவரைத் தடவினாள். போகும்போது, "எல்லாம் அழகா இருக்குடி. பாக்கத்தான் அவனுக்குக் குடுத்து வெக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தீர்மானித்தது ஒன்று, நடந்தது ஒன்று. மூன்று வருஷத்தில் ஒரு வீடு கிடைத்தது, அவள் கேட்டது கிடைக்கவில்லை. அந்த முள் உள்ளேயே இருந்தது.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவுக்குப் புதிய ஆள். உள்ளே வதக்குகிற வாசனை.

"மீட்டர் பாத்தாச்சும்மா. சார்தான் பின்கட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம டீ வேற போட்டுக் குடுத்துட்டார். நல்ல மனுஷன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்லணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கதவத் திறந்ததும் நான் கார்ட நீட்டுனேன். ஒரு பார்வைகூடப் பாக்கல. உள்ள வாங்கன்னுட்டார். காலம் கெட்டுக் கெடக்கு. கார்டப் பாக்காம யாரையும் வீட்டுக்குள்ள விடக் கூடாதும்மா. சார்கிட்ட சொல்லி வைங்க."

"சொல்றேங்க" என்றாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவள் வாசலிலேயே நின்றாள். கதவிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பின்கட்டு, திரும்பி அடுப்படி, கையில் சூடான டீயோடு மறுபடியும் கூடம். பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒரு ஆளுக்கு, இவருக்குக் கண் தெரியாதோ என்ற சந்தேகமே வரவில்லை.

உள்ளே போனாள். அவர் கிளறிக்கொண்டிருந்தார்.

"மீட்டர்காரர் உங்க மேல குத்தம் சொல்லிட்டுப் போறார். கார்ட நீட்டுனா பாக்கலையாம். பாக்காம ஆள உள்ள விடக் கூடாதாம்."

கரண்டி நின்றது. அவருக்கு விளங்க ஒரு நொடி பிடித்தது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

"அடுத்த தடவை கண்டிப்பாப் பாக்கறேன்னு சொல்லு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல அந்த அழிரப்பருக்கு ஃபோனப் போடு" என்றார்.

அவள் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"ஹலோ? கேக்குதாம்மா? எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்மா உனக்கு."

"அதெல்லாம் வேணாம்க்கா" என்றாள் அந்தப் பெண். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்த மீட்டர்காரர் சொன்னத மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

விசில் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலிலிருந்து, ஒன்று விடாமல், மெதுவாகச் சொன்னாள்.